உப்புக் கடலுக்கு நடுவே ஒரு குடம் நல்ல தண்ணீர்

"சுத்தியும் கடலா? அப்போ குடிக்கிற தண்ணிக்கு என்னம்மா செய்வாங்க?"

லட்சத்தீவுக்குப் போகப் போகிறோம் என்று சொன்னதும் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி இதுதான். எவ்வளவு செலவாகும், கப்பலில் போனால் பயமில்லையா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. சிவகாசிக்காரர் அல்லவா! எங்கள் ஊரில் பெண் கொடுக்கும்போதுகூட, "வீட்டில் தண்ணீர் எப்படி?" என்று விசாரித்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டிலும் தண்ணீர்ப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. கொல்லைக் கிணறு வற்றி வருஷக்கணக்காகிறது. முதலில் போட்ட போர் காற்றைத்தான் தருகிறது. இரண்டாவது போரில் வருகிற தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. இன்னும் ஆழமாக மூன்றாவது ஒன்று போட்டுவிடலாம் என்பது என் கணவரின் கட்சி. "பூமிக்குள்ளே இன்னும் எத்தனை தூரம்தான் போவீங்க?" என்பது அத்தையின் கட்சி. முடிவு ஆகாமலேயே நாங்கள் பெட்டியைக் கட்டினோம். என் கணவருக்கு அச்சகத்தில் வேலை. புது வருஷத்துக் காலண்டர், டைரி எல்லாம் கைவிட்டுப் போனபிறகு ஜனவரியில்தான் அவருக்கு மூச்சு விட நேரம். நாங்கள் இருவரும் மதினியுமாகக் கிளம்பினோம்.

மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

சிவகாசியில் ரயிலேறி, ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, புனலூர், கொல்லம் வழியாக எர்ணாகுளம் போகலாம். செங்கோட்டை வரை நமக்குப் பழகிய காட்சிதான். கரிசல் மண், பருத்தி, மக்காச்சோளம், வேலிக்கருவேல். அதன்பின் ரயில் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் நுழைகிறது. வெளியே வந்தால், யாரோ திரையை மாற்றிவிட்டாற்போல ஒரே பச்சை! ரப்பர், தேக்கு, பலா, தென்னை, ஓடு வேய்ந்த வீடுகள். "ஒரு மலைக்கு இத்தனை வித்தியாசமா!" என்று மதினி வாயைப் பிளந்தார்.

விஷயம் இதுதான். ஜூன் மாதத்தில் தென்மேற்கிலிருந்து வரும் காற்று, அரபிக் கடலின் ஈரத்தை மூட்டை கட்டிக்கொண்டு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, சரக்கையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. மலை இறங்கி நம் பக்கம் வரும்போது அதனிடம் வேகம்தான் பாக்கி, ஈரம் இல்லை. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்கிறோமே, அது இந்தக் காற்றுதான்.

நமக்கு மழை வருவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில், வங்காள விரிகுடாப் பக்கமிருந்து. ஆண்டு முழுதும் சேர்த்தால் விருதுநகர் மாவட்டத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் கிடைக்கும். விவசாயத்துக்குப் போதாத அந்த வறட்சியே தீக்குச்சி காயவும் வெடி காயவும் தோதாகிவிட்டது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். இங்கே அது வேர் பிடித்ததற்கு எங்கள் வெயிலும் ஒரு காரணம்.

அதே காற்று மலைக்கு வருமுன் எங்கிருந்தது? கடலுக்கு நடுவே, லட்சத்தீவின் மேலே! கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டது என்று அறிவிப்பதற்கு வானிலைத் துறை 14 இடங்களில் மழையைப் பார்க்கிறது. அதில் மினிக்காய், அமினி என்ற இரண்டு தீவுகளும் உண்டு. நாங்கள் ரயிலில் கடந்துபோன புனலூரும் உண்டு. ஆடிக் காற்று எங்கிருந்து புறப்பட்டு வருகிறதோ, அந்த இடத்தைப் பார்க்கத்தான் போகிறோம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கப்பலில் ஓர் இரவு

கொச்சியிலிருந்து தீவுகள் 220 முதல் 440 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. கப்பலில் 14 முதல் 18 மணி நேரம். ஜனவரியில் கடல் சாது. இருந்தாலும் மதினிக்குத் தலை சுற்றியது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே விடிய விடியப் படுத்திருந்தார்.

காலையில் ஆறரை மணிக்கு மேல்தளத்துக்குப் போனால் இன்னும் வெளிச்சம் வரவில்லை. கடிகாரம் ஓடவில்லையோ என்று பார்த்தேன். அப்படியில்லை. தீவுகள் நமக்கு மேற்கே இருப்பதால் அங்கே சூரியன் சிவகாசியைவிடக் கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமாக உதிக்கிறான். ஆனால் வடக்கு தெற்கு என்று பார்த்தால் நாமும் அவர்களும் ஒரே வரிசை. சிவகாசியிலிருந்து மேற்கே நேர்கோடு போட்டால், கல்பேனிக்கும் மினிக்காய்க்கும் நடுவே போகும்.

தீவு தெரிகிறதா என்று எல்லோரும் பார்க்கிறோம். தெரிந்தது தீவு அல்ல, தென்னை மரங்கள்தான். கடலுக்குள்ளிருந்தே முளைத்தாற்போல நின்றன. மலை இல்லை, மேடு இல்லை. இந்தத் தீவுகளின் நிலம் பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு மீட்டர்தான் உயரம். எங்கள் வீட்டு மொட்டைமாடி அதைவிட உயரம்!

கரையோரம் ஆழம் போதாது என்பதால் கப்பல் தள்ளியே நின்றுவிடும். பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கீழே ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருக்கும் படகில் நம்மை இறக்குவார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "முருகா" என்று சொல்லிக் காலை வைத்தேன். இரண்டு படகுக்காரர்கள் கையைப் பிடித்துப் பூப்போல இறக்கிவிட்டார்கள். சுடிதார் போட்டு வந்த மதினி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பவழம் கட்டிய வீடு

படகு போகப்போகக் கருநீலக் கடல் சட்டென்று வெளிர்பச்சையாகிறது. அலை அடங்கிவிடுகிறது. அடியில் மணல் தெரிகிறது. தீவின் மேற்குப் பக்கம் இப்படி ஓர் உள்கடல் இருக்கிறது. லகூன் என்கிறார்கள். வெளிக்கடலின் அலையைத் தடுத்து நிறுத்துவது பவழப்பாறை மதில்.

இதை யார் கட்டினார்கள்? கண்ணுக்கே சரியாகத் தெரியாத பவழப்பூச்சிகள்! பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடலுக்கடியிலிருந்து எரிமலைகள் எழுந்தன. அவை மெல்ல மெல்ல அமிழ்ந்தன. அவற்றின் விளிம்பில் பற்றிக்கொண்ட பவழப்பூச்சிகள், கடலில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுத்துக் கூடு கட்டின. செத்தவற்றின் கூட்டின் மேல் புதியவை கட்டின. மலை இறங்க இறங்க மதில் உயர்ந்தது. கடைசியில் மலை மறைந்துபோய், பானையின் விளிம்பு மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிவதுபோல் பவழ வளையம் மட்டும் நின்றது. இப்படித்தான் பவழத் தீவுகள் உண்டாகின்றன என்று சார்லஸ் டார்வின் 1842-இல் எழுதினார். அந்த வளையத்தின் மேல் அலை கொண்டுவந்து குவித்த மணல்தான் ஊர், தெரு, பள்ளிக்கூடம் எல்லாம்.

லட்சத்தீவு 1956-இல் ஒன்றியப் பிரதேசமானது. இந்தப் பெயர் 1973-இல் வந்தது. பெயரில்தான் லட்சம். எண்ணிக்கையில் 36 என்று சொல்வார்கள். மக்கள் வசிப்பது பத்தில் மட்டுமே. எல்லாம் சேர்த்து நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 64,473. ஆறு கிடையாது, ஓடை கிடையாது, குளம் குட்டை என்று சொல்லும்படியாகவும் எதுவும் இல்லை. பெய்கிற மழை மணலில் விழுந்த மறுநிமிஷம் உள்ளே போய்விடுகிறது. அப்படியானால், அத்தை கேட்ட கேள்விக்கு என்ன பதில்?

கிணற்றடியில் கிடைத்த பதில்

நாங்கள் இறங்கிய முதல் தீவு கவரத்தி, அதுதான் தலைநகரம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, "ஒரு வீட்டுக் கிணற்றைப் பார்க்கணும்" என்று எங்களுடன் வந்த பையனிடம் கேட்டேன். "எல்லோரும் மீன் பார்க்கக் கேட்பாங்க, நீங்க கிணறு கேட்கறீங்களே!" என்று சிரித்துக்கொண்டே தன் உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போனான்.

வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். தலையில் முக்காடு, வாயில் வெற்றிலை. அங்கே பேச்சு ஒரு வகை மலையாளம். கேரளத்துக் காலண்டர் ஆர்டர்களைப் பார்த்துப் பழகிய என் கணவர்தான் துபாஷி. இந்தத் தீவுகளில் தறவாட்டுச் சொத்து தாய் வழியாகப் பெண்களுக்கு வருவது பழைய வழக்கம். அந்த அம்மா, "இது என் அம்மா வீடு, இனி என் மகள் வீடு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே அழைத்த தோரணையில் அந்த உரிமை தெரிந்தது.

கிணற்றை எட்டிப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறேழு அடியில் தண்ணீர் பளபளவென்று நிற்கிறது! ஐந்நூறு, அறுநூறு அடி என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் நான். கிணற்றிலிருந்து கடல், கூப்பிடு தூரம். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். லேசான சப்பைச் சுவை, ஆனால் உப்பு இல்லை.

"கடல் ஏறினால் இதுவும் கொஞ்சம் ஏறும். கடல் இறங்கினால் இதுவும் இறங்கும்" என்றார் அந்த அம்மா.

"அக்கா, அப்போ கடல் தண்ணி இதிலே கலந்துடாதா?"

"நாம் கலக்காவிட்டால் கலக்காது!"

நல்ல தண்ணீரைவிடக் கடல்நீர் கனம். அதனால் மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியிலிருக்கும் கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கிறது. நாம் வைக்கும் ரசம் மாதிரிதான். மேலே தெளிவு, கீழே மண்டி. தெளிவு மட்டும் வேண்டுமென்றால் கரண்டியை மேலாக விட்டு மெதுவாக எடுக்கிறோம். அவசரப்பட்டு ஆழ விட்டால் மண்டி கலங்கி மேலே வந்துவிடும், பிறகு அந்த ரசம் தெளிய நேரமாகும். தீவுக் கிணறும் அப்படியே. வாளியால் இறைத்தவரை தெளிவு நின்றது. மோட்டார் வைத்து மடமடவென்று உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்பு மேலே எழும்பிவிடுகிறது.

கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை அது உப்பைத் தள்ளி வைக்குமாம். பவழ மணலில் கடல் எளிதாக ஊடுருவுவதால் அவ்வளவு கிடைக்காது, சில மீட்டர்தான். ஆனால் அந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே கொஞ்சம் குறைந்தால், கீழே பன்மடங்கு குறையும்!

அந்த அம்மா பக்கத்து வீட்டைக் காட்டினார். "அவங்க பெரிய மோட்டார் வெச்சாங்க. இரண்டு கோடையிலே தண்ணி கரிச்சுப்போச்சு. அவங்க கிணறு மட்டுமா? எங்களுதும் கொஞ்ச நாள் கரிச்சது. சுவர்தான் தனி, அடியிலே எல்லாம் ஒண்ணுதானே." அவர் கோபமாகச் சொல்லவில்லை. என் கணவர் அதைத் தமிழில் சொல்லும்போதுதான் குரல் கொஞ்சம் இறங்கியது. என்னைப் பார்க்காமல் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு கஷ்டமும் உண்டு. வீடுகள் நெருக்கம். கக்கூஸ் தொட்டியும் கிணறும் அருகருகே. பவழ மணல் அழுக்கை வடிகட்டி வைத்திருக்காது. அதனால் கிணற்றுத் தண்ணீர் பார்க்கக் கண்ணாடியாக இருந்தாலும், நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். நம் ஊருக்கும் இது பொருந்தும் அல்லவா?

கடலையே காய்ச்சும் ஆலை

கவரத்தியில் 2005-இல் சென்னையிலிருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றை அமைத்தது. நாள் ஒன்றுக்கு 1 லட்சம் லிட்டர் தருவதற்கானது. இதில் அடுப்பே இல்லை! மலை உச்சியில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறது, பருப்புதான் வேகாது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு என்பதே காரணம். அழுத்தத்தை இன்னும் குறைத்துக்கொண்டே போனால், வெதுவெதுப்பான கடல்நீர்கூடக் கொதித்து ஆவியாகும். ஆலையில் அதைத்தான் செய்கிறார்கள். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய் மூலம் ஏற்றிய குளிர்ந்த கடல்நீரைக் கொண்டு அந்த ஆவியைக் குளிர வைக்கிறார்கள். இட்லிப் பாத்திரத்தின் மூடியில் துளி கோர்க்குமே, அதுபோல நல்ல தண்ணீர் கிடைத்துவிடுகிறது. தீவின் விளிம்பு தாண்டியதும் கடல் கிடுகிடுவென ஆழமாவதால்தான் இது சாத்தியமாகிறது. 2011-இல் மினிக்காய்க்கும் அகத்திக்கும் இதே மாதிரி ஆலைகள் வந்தன.

"ஆலை வந்தபிறகு கிணற்றுக்குக் கொஞ்சம் ஓய்வு" என்றார் அந்த அம்மா.

காற்றும் மழையும்

தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை, ஏறக்குறைய நமக்குக் கிடைப்பதைப்போல் இரண்டு பங்கு. பெரும்பகுதி ஜூனிலிருந்து செப்டம்பருக்குள். அதற்குப்பின் மே வரை கிணற்று நீர் மெலிந்துகொண்டே வரும். வெப்பம் பெரும்பாலும் 25 முதல் 35 டிகிரிக்குள் அடங்கிவிடும். எங்கள் சித்திரை வெயில் அங்கே இல்லை. ஆனால் காற்றில் ஈரம் அதிகம், உட்கார்ந்த இடத்தில் வேர்க்கும். துவைத்துப் போட்ட துண்டு சாயங்காலம்வரை ஈரமாகவே இருந்தது. "இங்கே ஒரு தீப்பெட்டிகூடச் செய்ய முடியாது" என்றார் என் கணவர்.

மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும். கப்பல் வருவது குறையும். அரிசி, வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் கரையிலிருந்து வரவேண்டியவை என்பதால் மே மாதத்துக்குள் வீட்டில் சேர்த்து வைத்துவிடுவார்கள். தீவின் சொந்தச் சரக்கு தேங்காயும் சூரை மீனும்தான். அந்த மீனை வேகவைத்து, புகைபோட்டு, கல்போல் காயவைத்தால் மாசிக் கருவாடு. தேங்காய் மட்டைகளை மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அடித்து, நார் எடுத்துக் கயிறு திரிப்பது பெண்களின் கைத்தொழில். அந்தக் கைகளைப் பார்த்தபோது, வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டிக்குக் கூடு ஒட்டிய எங்கள் தெருப் பெண்களின் கைகள் நினைவுக்கு வந்தன.

மறுநாள் கல்பேனி. அதன் கிழக்குக் கரையில் பவழக் கற்கள் பெரிய மேடாகக் குவிந்து கிடக்கின்றன. 1847-இல் அடித்த பெரும்புயல் வாரிப்போட்டவை என்கிறார்கள். 2017 டிசம்பர் தொடக்கத்தில் ஒக்கிப் புயல், நம் குமரி மாவட்டத்து மீனவர் குடும்பங்களைக் கதறவைத்துவிட்டு இந்தத் தீவுகளையும் தாக்கிவிட்டுத்தான் போனது.

மூன்றாம் நாள் மினிக்காய். இங்கே பேச்சு மாலத்தீவு மொழியோடு சேர்ந்த மஹல். 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறிப் பார்த்தேன். நீளம் சுமார் 10 கிலோமீட்டர், அகலமோ ஒரு கிலோமீட்டர்தான் இருக்கும். ஒரு பக்கம் பச்சைக் கடல், மறுபக்கம் நீலக் கடல், நடுவே வாழையிலை நரம்பு மாதிரி மனிதர் வாழும் நிலம். அந்த மெல்லிய மணலுக்குள் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் மிதக்கிறது என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

பிசைவதற்குக் காரணம் இருக்கிறது. கடல் அதிகம் சூடேறினால் பவழம் வெளுத்துச் சாகிறது. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இங்கே அப்படி நடந்தது. 1998-க்கும் 2022-க்கும் இடையே உயிர்ப்பவழம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். பவழம் போனால் மதில் போகும். மதில் போனால் அலை கரையை அரிக்கும், உப்பு உள்ளே வரும். இது எங்கோ நடக்கிற கதை என்று நினைக்க வேண்டாம். சிவகாசியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் தூத்துக்குடி. அந்த மன்னார் வளைகுடாவிலிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவழத்தை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம்.

அத்தைக்குச் சொன்ன பதில்

ஊர் திரும்பியதும் அத்தை மறக்காமல் கேட்டார்: "தண்ணிக்கு என்ன செய்யறாங்களாம்?" ரசக் கதையைச் சொன்னேன். பக்கத்து வீட்டு மோட்டார் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அத்தை கொல்லைப்புறத்தைக் கை காட்டினார்.

2003-இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர்ச் சேமிப்பு கட்டாயமானபோது நாங்களும் ஒரு குழி வெட்டினோம். பிற்பாடு அதன் மேல் சிமெண்ட் பலகை போட்டு, பலகை மேல் பழைய பேப்பர் கட்டுகளை அடுக்கினோம். மாடிக் குழாயின் தண்ணீர் நேரே தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் கரிசல் பூமியில் தண்ணீர் அத்தனை சுலபமாக உள்ளே இறங்காது என்பதும் உண்மைதான். அதற்காகத்தானே களிமண்ணைத் தாண்டி வெட்டி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பச் சொன்னார்கள்!

"மூணாவது போருக்கு வெச்சிருக்கிற காசுலே மொதல்ல அந்தக் குழியைத் தூர் வாருங்கப்பா" என்றார் அத்தை. என் கணவர் பதில் பேசவில்லை. அடுத்த ஞாயிறு பேப்பர் கட்டுகள் இடம் மாறின. மாடிக் குழாயைக் குழிக்குத் திருப்பினோம். வற்றிய கிணற்றுக்கும் ஒரு கிளைக் குழாய் போட்டோம்.

அந்தக் கார்த்திகை மழையில் கிணறு நிரம்பிவிட்டது என்று சொன்னால் பொய். அடியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, பங்குனிக்குள் போய்விட்டது. ஆனால் அத்தை அதில் ஒரு வாளி இறைத்து, பருப்பு வேகப்போட்டார். வெந்தது.

போகிறவர்கள் கவனத்துக்கு

லட்சத்தீவுக்கு நினைத்தவுடன் போக முடியாது. முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அக்டோபர் முதல் மே முதல் வாரம் வரை கடல் அமைதியாக இருக்கும் காலம். கொச்சியிலிருந்து கப்பல் தவிர, அகத்திக்கு விமானமும் உண்டு. சேலையைவிடச் சுடிதார் சௌகரியம். வெறுங்காலோடு பவழத்தில் நடந்தால் கீறிப் புண்ணாகும், ரப்பர் செருப்பு அவசியம். வெயில் மணலிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்பி முகத்தைக் கருக்கும், குடையும் கதர்த் துண்டும் கைவசம் இருக்கட்டும். கப்பலில் வயிறு முட்டச் சாப்பிடாமல், இஞ்சித் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். பவழத்தை ஞாபகார்த்தமாகக்கூட எடுத்து வராதீர்கள், அது சட்டப்படி குற்றம். குளிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டு நிற்காமல், சிவகாசிக் கணக்கில் இரண்டு வாளியோடு முடித்துக்கொள்ளுங்கள். நம்மால் அந்தத் தீவுக்குச் செய்ய முடிந்த உபகாரம் அது.